விடைகளைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தோம்: ஒன்பதாம் வகுப்பில் ஒரு மின்னணு அறிவிப்புப் பலகை

ஆகஸ்டில் ஒரு நாள், ‘கண்மாயின் பயன்கள் யாவை?’ என்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டேன். கண்மாய் என்பது எங்கள் பக்கத்தில் ஏரிக்குப் பெயர். விடையை இணையத்தில் ஒரு மின்னணு அறிவிப்புப் பலகையில் எழுதச் சொன்னேன். அந்த முதல் நாள் பலகையில் பத்துப் பதிவுகள் விழுந்தன. பத்தில் ஏழு ஒரே வாக்கியம்: ‘கண்மாய் நமக்கு நீர் தருகிறது.’ முதல் கணினியில் இருந்தவர்கள் அதை எழுதி முடித்ததும் எல்லாத் திரையிலும் தெரிந்தது. பக்கத்துக் கணினிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சரியான விடை வந்துவிட்டது என்று நினைத்து அதையே அடித்தார்கள். ஒரு குழு மட்டும் ‘நீர்’ என்பதைத் ‘தண்ணீர்’ என்று மாற்றியிருந்தது.

கண்மாய்க் கரையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். மீன்பிடிக்கு எந்த மடைப் பக்கம் இறங்க வேண்டும், எந்த இடத்தில் சேறு இடுப்பு வரை இழுக்கும் என்றெல்லாம் தெரிந்தவர்கள். அவர்களிடமிருந்து எனக்குக் கிடைத்தது ஏழு முறை ஒரே வாக்கியம். அன்று வீட்டுக்குப் போகும்போது பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குறை பிள்ளைகளிடம் இல்லை. எல்லா விடைகளையும் எழுத எழுத எல்லோருக்கும் காட்டியதுதான் பிழை.

அந்த ஆகஸ்டுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவில் என் வகுப்பில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மின்னணுப் பலகையை வகுப்பில் வைக்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று உண்டு. ஒரு பிள்ளை எழுதியது மற்றவர் கண்ணில் எப்போது படுகிறது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். மற்ற வசதிகளெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பள்ளியும் பழைய பலகையும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் 36 பேர், ஐந்து ஊர்களிலிருந்து வருகிறார்கள். நான் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. ஆகவே எங்களுக்கு இருந்தவை ஹைடெக் லேபின் பத்துக் கணினிகளும், ஆளுக்கு ஆள் பங்கு போடும் இணையமும், என் போனும்தான். ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் நெருக்கி உட்கார வேண்டும்.

வராந்தாவில் பழைய அறிவிப்புப் பலகை ஒன்று இருக்கிறது. பச்சைத் துணி போர்த்தியது, கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு. சாவி அலுவலக மேசையில். அதில் ஏறுவது அழகான கையெழுத்துதான். சுதந்திர தினக் கட்டுரை, காந்தி படம், பொங்கல் கோலம் என்று எதை ஒட்டினாலும் வருடம் முழுக்க அதே நான்கைந்து பேரின் பெயர்தான். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. இடம் கொஞ்சம், பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும், சரி, நன்றாக எழுதுகிறவரிடம் கொடு என்று போய்விடும். கையெழுத்து கோணலாக இருக்கிற பிள்ளை அந்தக் கண்ணாடிக்குள் தன் பெயரை ஒரு முறைகூடப் பார்க்காமல் பத்தாம் வகுப்பை முடித்துவிடும்.

வகுப்புக்குள்ளும் அதே கதைதான். கேள்வி கேட்டால் ஐந்து கைகள் எழும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பது ஏறத்தாழ ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் படித்தது இது. படித்திருந்தும் என் வகுப்பில் நான் காத்திருந்ததில்லை. பாடம் முடியாதே என்ற அவசரம்.

அதனால்தான் பேட்லெட்டை எடுத்தேன். 2008-ல் வால்விஷர் என்ற பெயரில் தொடங்கிய வலைச்செயலி அது. ஆசிரியர் ஒரு பலகையைத் திறந்து இணைப்பையோ க்யூஆர் குறியையோ கொடுத்தால் போதும், பிள்ளைகள் கணக்குத் தொடங்காமலேயே பதிவு போடலாம். எழுத்து, படம், குரல் மூன்றையும் ஏற்றுக்கொள்ளும். பதிவுகளைச் சுவர்போலப் பரப்பலாம், பத்தி பத்தியாக அடுக்கலாம், வரைபடத்தில் குத்தலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது அமைப்புகளுக்குள் இருந்த ஒரு சின்ன வசதி: ஆசிரியர் ஒப்புதல் கொடுத்த பிறகே பதிவு மற்றவர்களுக்குத் தெரியும்படி வைக்கலாம். கெட்ட வார்த்தையைத் தடுக்கத்தான் அதை வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது காத்திருக்கும் கருவியாக ஆனது.

இரண்டாம் முறை

இரண்டு மாற்றங்கள் செய்தேன். முதலாவது, கேள்வி. ‘கண்மாயின் பயன்கள் யாவை?’ என்று கேட்டால் புத்தக வாக்கியம்தான் வரும், அதில் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. புதிய கேள்வி இது: ‘உங்கள் ஊர்க் கண்மாயில் பெயர் உள்ள ஒரு இடத்தைச் சொல்லுங்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதுங்கள்.’ இரண்டு நாள் அவகாசம் கொடுத்தேன். முதலில் நோட்டில் எழுத வேண்டும், அப்புறம்தான் லேப்.

இரண்டாவது, ஒப்புதல் வசதியைப் போட்டுவிட்டேன். எழுதுகிறவருக்குத் தன் பதிவு மட்டும் தெரியும். அடுத்த குழு எழுதியது தெரியாது. ‘எல்லாரும் முடித்த பிறகு ஒரேடியாகத் திறப்பேன்’ என்று சொன்னேன். லேபில் அன்று ஒரு வித்தியாசமான அமைதி இருந்தது. பக்கத்துத் திரையை எட்டிப் பார்ப்பதில் இப்போது லாபம் இல்லை, ஏனென்றால் பக்கத்துக் குழு வேறு ஊர், வேறு கண்மாய்.

தட்டச்சுதான் பெரிய பாடு. விசைப்பலகையில் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழ்99 முறை யாருக்கும் பழக்கமில்லை. ஒலிபெயர்ப்பில் அடித்தால் ‘கண்மாய்’ பாதி நேரம் ‘கன்மாய்’ ஆகிறது. ‘மடை’ ‘மாடை’ ஆகிறது. ஒரு வரி அடிக்கப் பத்து நிமிடம் ஆன குழுவும் உண்டு. பாதியில் நானே முறையை மாற்றினேன்: அடிக்க முடியாதவர்கள் நோட்டுப் பக்கத்தைக் காட்டட்டும், என் போனில் படம் எடுத்து ஏற்றிவிடுகிறேன். அதற்குப் பிறகு வேகம் வந்தது. எழுத்துப் பிழைகளைப் பலகையில் திருத்துவதில்லை என்றும் முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் பெயர் சொல்லாமல் ஐந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதித் திருத்தினோம், அவ்வளவுதான்.

எல்லாரும் முடித்ததும் வகுப்பறைக்கு வந்தோம். ஸ்மார்ட் போர்டில் வெறும் பலகை. நான் ஒவ்வொன்றாக ஒப்புதலை அழுத்த, பதிவுகள் மளமளவென்று ஏறின. புளியமடை, பள்ளமடை, சாமிகுத்து, வண்ணான் துறை, பேய்ப்பள்ளம். ‘டீச்சர், எங்க ஊர்லயும் ஒரு பேய்ப்பள்ளம் இருக்கு!’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பிள்ளைகள் படித்தார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்ததை நான் அதற்கு முன் என் வகுப்பில் பார்த்ததில்லை.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பதிவுகள்

ஒரே ஊரிலிருந்து வரும் இரண்டு குழுக்கள் ஒரே மடையைப் பற்றி எழுதியிருந்தன. ஒன்று: ‘மடையைத் திறந்தால் மறுநாளே எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்துவிடும்.’ மற்றது படமாக ஏற்றிய நோட்டுப் பக்கம், நீல மையில், வரிகள் மேலே ஏறிப் போகும் கையெழுத்து: ‘எங்கள் வயல் கடைமடை. இந்த மடைத் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து நாலு வருசம் ஆச்சுன்னு அப்பத்தா சொன்னாங்க.’

கடைமடை என்றால் மடைத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் வயல். இரண்டும் அடுத்தடுத்து நின்றன. நான் எதுவும் சொல்லவில்லை. முதல் பதிவை எழுதிய பையன் எழுந்து, ‘டீச்சர், அது பொய்யில்ல, ஆனா இவங்களுக்கு ஏன் வரல?’ என்று கேட்டான். இரண்டாவதை எழுதிய பெண் அந்த வருடம் ஜூனிலிருந்து வகுப்பில் ஒரு கேள்விக்கும் தானாக விடை சொன்னதில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: ‘நடுவுல வாய்க்கா தூந்து கெடக்கு.’ அப்புறம் பேச்சு பிடித்துக்கொண்டது. வாய்க்கால் யார் தூர்வார வேண்டும், முன்பு யார் செய்தார்கள், வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி என்பவர் யார், அவருக்குக் கூலி யார் கொடுத்தது. ஊரார் கூடிக் கண்மாயையும் வாய்க்காலையும் பராமரித்த பழைய வழக்கமான குடிமராமத்து பற்றியும், 2017-ல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது பற்றியும் நான் சொல்ல வேண்டிய இடம் தானாக வந்தது. அந்தப் பாடத்தை நான் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு பொருத்தமான இடத்தில் வைத்திருக்க மாட்டேன்.

முதல் நாள்போல உடனுக்குடன் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலமுறை யோசித்தேன். முதல் பதிவை எழுதிய பையனின் வயல் தலைமடை, அதாவது தண்ணீர் முதலில் வந்து சேரும் இடம். அந்தத் தலைமடைப் பையன் வேகமாக அடிப்பான். அவன் வாக்கியம் முதலில் ஏறியிருக்கும். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, ‘ஓ, மடைன்னா இதுதான் எழுதணும் போல’ என்று தன் நோட்டை மூடிவைத்திருப்பாள். ரோ சொன்ன மூன்று வினாடி எங்களுக்கு நாற்பது நிமிடமாக ஆனது, அவ்வளவுதான்.

தெருப் பெயர் என்ற கண்ணி

அடுத்ததாக வரைபட வடிவத்தைப் பயன்படுத்தப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து கண்மாய்க்குப் போகும் வழியைக் குறிக்கட்டும் என்று நினைத்தேன். நல்ல வேளையாக, ஒப்புதலுக்கு வந்த முதல் இரண்டு பதிவுகளிலேயே கை நின்றுவிட்டது. பிள்ளைகள் தெருப் பெயரைப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்களில் தெருப் பெயர் சொன்னால் சாதி சொன்ன மாதிரி. எந்தத் தெரு, யார் பிள்ளை, எந்தக் கிணறு என்பதெல்லாம் ஒரு வரைபடத்தில் ஒரே பார்வையில் விழும்படி நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். அன்று அந்தப் பலகையை அப்படியே மூடினேன். பிள்ளைகளிடம் காரணமும் சொன்னேன், மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு விதி ஒன்று: குத்துவது கண்மாயில் மட்டும். மடை, மிஞ்சிய நீர் வழியும் கலுங்கு, கரை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், வாய்க்கால். வீடு வேண்டாம், தெரு வேண்டாம். வரைபட வடிவம் எங்கள் இணையத்துக்குக் கனமாகவும் இருந்தது. ஆகவே கண்மாய்ப் படத்தை ஒரு பையன் அட்டையில் வரைய, அதைப் படம் எடுத்துப் பலகையின் பின்னணியாக வைத்தோம். பதிவுகளை அதன்மேல் நகர்த்தி வைத்தார்கள். இதுதான் எங்களுக்கு நன்றாக உட்கார்ந்தது.

பெயர் விஷயத்திலும் இதே கவனம் வேண்டியிருந்தது. கணக்கு இல்லாமல் போடும் பதிவு யாருடையது என்று ஆசிரியருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு அது விடுதலை, எனக்குச் சிக்கல். ஒவ்வொரு குழுவுக்கும் சீட்டில் ஒரு எண் கொடுத்தேன். எண் யாருடையது என்பது என் நோட்டில் மட்டும். ஒரு முறை, ஒரு பையனின் பட்டப்பெயரை வைத்து நக்கலாக ஒரு பதிவு வந்தது. ஒப்புதலுக்காக நின்றிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. எழுதியவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். வராந்தாப் பலகையில் நடந்திருந்தால் மதியத்துக்குள் பள்ளி முழுக்கப் பரவியிருக்கும்.

பெற்றோரிடமும் பேச வேண்டியிருந்தது. 2023-ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பலகையைத் திறந்து காட்டினேன். ஒரு அம்மா கேட்டார்: ‘பிள்ளைக போட்டோ வெளிய போயிருமா டீச்சர்?’ போகாது, முகம் எதுவும் ஏற்றமாட்டேன், பெயரும் இருக்காது, இணைப்பு வகுப்புக்கு மட்டும் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இன்றுவரை கண்மாய்ப் படங்களில்கூட ஆள் இல்லாத படங்களையே ஏற்றுகிறேன்.

வேப்பமரத்தடியில் ஒரு குரல்

வகுப்பில் ஒரு பையன் வரிகூட எழுத மாட்டான். எழுத்து கூட்டுவதிலேயே அவனுக்குத் தடுமாற்றம். ‘பேசுறியா?’ என்று கேட்டு, மதிய இடைவேளையில் வேப்பமரத்தடியில் என் போனை அவன் கையில் கொடுத்தேன். மீன்பிடி பற்றிப் பேசினான்.

சித்திரையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவு வந்ததும் ஊரே இறங்கும். அவன் கையில் ஊத்தா. அதாவது அடியில் அகலமாய், மேலே கை நுழையும் அளவுக்குக் குறுகலாய் இருக்கும் மூங்கில் கூடு. அதைத் தண்ணீரில் பொத்தென்று குத்த வேண்டும். குத்திவிட்டு அசையக் கூடாது. உள்ளே மீன் இருந்தால் கூட்டில் முட்டும். அந்த முட்டல் உள்ளங்கைக்குத் தெரியும். ‘விரால் முட்டுனா தம்முனு இருக்கும் டீச்சர். கெண்டைன்னா டிக்குடிக்குனு இருக்கும்.’ அப்புறம் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தியாக இருந்தால் பார்த்துப் பிடிக்க வேண்டும், முள் குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும்.

அந்தக் குரல்பதிவைப் பலகையில் ஏற்றினேன். எண் மட்டும் போட்டிருந்தேன், ஆனால் குரலை யாருக்குத்தான் தெரியாது. அவனிடம் முன்பே கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்றினேன். வகுப்பு மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டது. மறுவாரம் அவனே அதைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்தவள் எழுதினாள், அவன் அதைப் பார்த்து எழுதினான். எட்டு வரி. தன் வாயிலிருந்து வந்த சொற்களை எழுத்தாகப் பார்த்த அந்த எட்டு வரியை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

பார்த்தது, கேட்டது, படித்தது

செப்டம்பர் கடைசியில் பதிவுகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இவ்வளவையும் என்ன செய்வது? பலகையை மூன்று பத்தியாகப் பிரித்தேன்: ‘பார்த்தது’, ‘கேட்டது’, ‘படித்தது’. ஒவ்வொரு பதிவும் எந்தப் பத்திக்குப் போக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து நகர்த்த வேண்டும்.

சண்டை வந்தது, நல்ல சண்டை. எங்கள் மாவட்டத்தின் ராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று ஒரு சொலவடை உண்டு. நாரையால்கூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். ஒரு குழு அதைப் ‘படித்தது’ பத்தியில் வைத்தது. இன்னொரு குழு, ‘நீ தாத்தாகிட்டதான கேட்ட’ என்று ‘கேட்டது’ பத்திக்கு இழுத்தது. சரி, நம் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை என்று கேட்டேன். ஒரே ஊர்க்காரர்கள் நான்கு என்றும் ஐந்து என்றும் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஒருவன் அப்பாவோடு சைக்கிளில் கரை மேல் போய் எண்ணிவிட்டு வந்தான். நான்கு. ஆனால் தாத்தா ஐந்து என்று சாதித்திருக்கிறார். திங்கட்கிழமை அவன் பதிவு: ‘நாலு மடை பார்த்தேன். அஞ்சாவது மடை சீமைக்கருவேலத்துக்குள்ள மூடிக் கெடக்குன்னு தாத்தா சொன்னார். கல்லு மட்டும் தெரியுது.’ இதை எந்தப் பத்தியில் வைப்பது என்று வகுப்பே யோசித்தது. கடைசியில் பதிவை இரண்டாக உடைத்தார்கள். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ‘பார்த்தது’ பத்திக்கு, நடு வாக்கியம் ‘கேட்டது’ பத்திக்கு. ஒரு வரலாற்றாசிரியர் செய்கிற வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் விரலால் நகர்த்திச் செய்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில் இதைச் செய்யலாம், ஆனால் ஒட்டியதைப் பிய்த்து மாற்றி ஒட்ட யாருக்கும் மனம் வராது. பலகை மின்னணுவாக இருந்ததன் பலன் இங்கேதான் முழுதாகத் தெரிந்தது.

கைவிட்டவை

விருப்பக் குறி போடும் வசதியை இரண்டாம் வாரமே நிறுத்தினேன். யார் பதிவுக்கு எத்தனை இதயம் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நன்றாகப் பழகும் பிள்ளைக்கு நிறைய, ஒதுங்கி இருப்பவருக்கு ஒன்றுமில்லை. வராந்தாப் பலகையின் அநியாயம் வேறு வடிவில் திரும்பி வந்தது போல இருந்தது.

வீட்டிலிருந்து பதிவு போடச் சொல்வதும் நடக்கவில்லை. போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், அவர் வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும். ஒரு பிள்ளை, பக்கத்து வீட்டு அண்ணனிடம் போனைக் கேட்டுத் திட்டு வாங்கியது தெரிந்ததும் அந்த வேலையே வேண்டாம் என்று விட்டேன்.

பலகையைத் திறந்துவைத்துவிட்டு வேறு பாடத்துக்குப் போனாலும் அது செத்துவிடும். பருவத் தேர்வின்போது இரண்டு வாரம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பதிவுகள் மறுபடியும் ‘கண்மாய் நமக்கு மிகவும் பயனுள்ளது’ வகைதான். டீச்சர் படிக்கிறார், வகுப்பில் எடுத்துப் பேசுகிறார் என்று தெரிந்தால்தான் பிள்ளைகள் உண்மையை எழுதுகிறார்கள்.

இலவசக் கணக்கில் ஒரு சில பலகைகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இந்த மாதிரிச் சேவைகள் நிலையும் இல்லை. ஜாம்போர்டு என்று பலர் வகுப்பில் பயன்படுத்திய வெண்பலகைச் செயலியைக் கூகுள் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மாதக் கடைசியில் பலகையைப் பிடிஎஃப் ஆக இறக்கி அச்சடித்து வகுப்பு அலமாரியில் ஒரு கோப்பில் வைக்கிறேன். அந்தக் கோப்பை எடுத்துப் புரட்டுகிற பிள்ளைகள் உண்டு.

இணையம் போன நாள்

நவம்பரில் மழை வலுத்து நாள் முழுக்க இணையம் இல்லை. அன்று கேள்வி: ‘இந்த மழைக்கு உங்கள் கண்மாய் நிறையுமா? நிறையாது என்றால் ஏன்?’ என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், குழுத் தலைவி ஒருத்தி சொன்னாள்: ‘பேப்பர்ல எழுதிக் கவுத்து வைப்போம் டீச்சர். எல்லாரும் வெச்சதும் திருப்புவோம்.’

மேசை மேல் 36 சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லித் திருப்பினோம். வரத்துக்காலில் யாரோ மண் அடித்து வழி போட்டிருப்பது ஒரு சீட்டில் இருந்தது. வைகைத் தண்ணீர் வந்தால்தான் நிறையும் என்று பல சீட்டுகளில். கலுங்கு உடைந்து கிடப்பது ஒன்றில். மறுநாள் இணையம் வந்ததும் அத்தனையையும் படம் எடுத்துப் பலகையில் ஏற்றினோம், பத்திகளில் பிரித்தோம்.

அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்தார்கள், நான் சொல்லாமலே. தலைப்பு ‘கேட்க வேண்டியது’. அதில் முதல் பதிவு அந்தக் கடைமடைப் பெண்ணுடையது. இந்த முறை அவளே தட்டச்சு செய்திருந்தாள், ‘கடைமடை’யில் ‘ட’ விழாமல் ‘கடைமை’ என்று இருந்தது: ‘கடைமைக்கு முதல்ல தண்ணி விட்டு அப்புறம் தலைமடைக்கு விட்டா என்ன ஆகும்?’

ஒப்புதலை அழுத்திவிட்டு, இதற்கு யாரிடம் விடை இருக்கும் என்று கேட்டேன். தலைமடைப் பையன்தான் முதலில் கை தூக்கினான். அவன் பெரியப்பா ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்தவராம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதல் வியாழக்கிழமை அவர் வகுப்புக்கு வருகிறார். கேள்விகளைப் பிள்ளைகள் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்கள். எல்லாம் ஒப்புதலுக்காக நிற்கின்றன.